பால் கணக்கு நோட்டில் பறந்த மணிகள்

போன மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பிளஸ் டூ. பைலட் ஆக வேண்டுமாம். மதுரையில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, "பதினெட்டே மாதத்தில் பைலட், வேலைக்கு கேரண்டி" என்று சொல்லி, அட்வான்ஸ் கட்ட ஒரு வாரம் டைம் கொடுத்திருக்கிறார்கள். "உங்க நாத்தனார்தான் பிளேன் ஓட்டுறாளே, எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். ஒரு வார்த்தையில் சொல்கிற விஷயமா இது! அடுப்பில் வைத்த குழம்பு சுண்டிப்போகிற வரைக்கும் பேசினேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அம்மாக்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ.

நான் பத்தாவது வரை படித்தவள். சிவகாசியில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டில் சின்னதாக ஒரு ஆப்செட் பிரஸ். 2008-ல் நான் கல்யாணமாகி வரும்போது என் நாத்தனாருக்கு ஒன்பது வயசு. இரண்டு வருஷத்தில் என் மாமியார் இறந்துவிட்டார். அதன் பிறகு அவளுக்குத் தலை பின்னி விட்டதும், வயசுக்கு வந்தபோது புட்டு சுற்றியதும் நான்தான். வீட்டில் எல்லாருக்கும் அவள் 'பாப்பா'. எனக்கும் அப்படித்தான்.

பிளஸ் டூ முடித்ததும் பைலட் ஆகணும் என்றாள். மாமா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு என்னிடம்தான் சொன்னார்: "பொம்பளப் பிள்ளையை வானத்துல விட்டுட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வருமாம்மா?" பாப்பா எங்கேயோ படித்துவிட்டு வந்து, 1936-லேயே சரளா தாக்ரல் என்கிற பெண் சேலை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டி லைசென்ஸ் வாங்கினார், அப்போது அவருக்கு நாலு வயதுக் குழந்தை இருந்தது என்று அவருக்குச் சொன்னாள். உலகத்திலேயே பெண் பைலட்கள் ஐந்து சதவீதம்தான், நம் நாட்டில் அதைவிட அதிகம் என்றும் சொன்னாள். மாமா அதற்கெல்லாம் மசியவில்லை. மாமாவுக்காக ஒரு வருஷம் காலேஜுக்குப் போய்விட்டு, "இப்பவும் அதேதான் சொல்றேன்" என்று வந்து நின்றாள். அதற்குத்தான் அவர் மசிந்தார்.

முதலில் நாங்கள் போனதும் இப்படி ஒரு ஹோட்டல் கூட்டத்துக்குத்தான். கோட்டு போட்ட ஒருவர் வழவழ தாளில் படம் காட்டினார். நாங்கள் பிரஸ்காரர்கள். அந்தத் தாளை அச்சடிக்க என்ன செலவாகும் என்று எங்களுக்குத் தெரியும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "போன வருஷம் சேர்ந்த நாலு பிள்ளைங்க போன் நம்பர் கொடுங்க, பேசிட்டு வர்றோம்." அதெல்லாம் கொடுக்கக் கூடாது மேடம் என்றார். பெண் எடுக்கப் போனாலும் கொடுக்கப் போனாலும் அக்கம்பக்கம் விசாரிக்காமல் தாம்பூலம் மாற்றுவோமா? எழுந்து வந்துவிட்டோம்.

அதன் பிறகு பாப்பா தானே ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டதில், முதலில் செய்ய வேண்டியது பணம் கட்டுவது இல்லை, டாக்டரிடம் போவது. இதை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசின் விமானத்துறை அலுவலகம் அங்கீகரித்த டாக்டரிடம் 'கிளாஸ் டூ' பரிசோதனை, அதில் தேறினால் அதைவிடக் கடுமையான 'கிளாஸ் ஒன்'. இதில் தேறாதவர்கள் எத்தனை லட்சம் கட்டினாலும் பைலட் ஆக முடியாது. கண்ணாடி போட்ட பிள்ளைகள் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியணும்.

சென்னையில் கிளாஸ் டூ பார்த்தபோது பாப்பாவுக்கு ரத்தம் ஒன்பதரைதான் இருந்தது. சரிசெய்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே பஸ்ஸில் வந்தாள். எனக்கோ கோபம், என் மேலேயே. மூணு வேளையும் நான்தானே போடுகிறேன்! டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரை, சுவரொட்டி, பேரீச்சை, கேழ்வரகு என்று மூணு மாசம். அடுத்த தடவை பன்னிரண்டரை வந்தது. பிறகு பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிலையத்தில் கிளாஸ் ஒன். அதிலும் தேறினாள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவுதான். பைலட் ஆகிறார்களோ இல்லையோ, ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

அடுத்தது பரீட்சை. வழி கண்டுபிடிப்பது, வானிலை, விமானச் சட்டம், விமானத்தின் தொழில்நுட்பம் என்று பேப்பர்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் பாஸ். பிளஸ் டூவில் கணக்கும் பிசிக்சும் படிக்காத பிள்ளைகள், திறந்தவெளிப் பள்ளியில் அந்த இரண்டை மட்டும் எழுதிவிட்டு வந்ததைப் பாப்பா பார்த்திருக்கிறாள். சென்னையில் ஒரு ரூமில் தங்கி வகுப்புக்குப் போய், 2018-லேயே முக்கால்வாசிப் பேப்பரை முடித்துவிட்டாள். இது நல்லதாகப் போயிற்று. பணம் கட்டி ஏரோப்ளேன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பரீட்சைக்குப் படிப்பது, வாடகைக் காரை நிறுத்தி வைத்துவிட்டுச் சேலை எடுப்பது மாதிரி.

பிறகுதான் எந்தப் பள்ளி என்ற கேள்வி. மத்திய அரசே நடத்துகிற இந்திரா காந்தி உரான் அகாடமி என்று உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதினாள், கிடைக்கவில்லை. விமானக் கம்பெனிகளே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி முடித்தால் வேலை என்று கடிதம் கொடுத்துச் சேர்க்கிற 'கேடட்' திட்டமும் உண்டு. வேலைக் கவலை குறைவு. ஆனால் ஒரு கோடிக்கு எங்கே போவது? அமெரிக்காவிலோ தென் ஆப்பிரிக்காவிலோ சீக்கிரம் முடியும் என்றார்கள். ஆனால் அது டாலர் கணக்கு. அங்கே லைசென்ஸ் வாங்கி வந்தாலும் நம் நாட்டுப் பரீட்சையை எழுதித்தான் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் வடக்கே ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். இருநூறு மணி நேரம் பறக்க 38 லட்சம்.

பைபாசில் இருந்த பன்னிரண்டு சென்ட் மனையை 28 லட்சத்துக்கு விற்றோம். பேங்கில் கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். இருந்த வீட்டை எழுதிக் கொடுத்து 20 லட்சம் வாங்கினோம். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பள்ளியைப் பார்க்க இவரும் பாப்பாவும் போனார்கள். போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது விமானம். நாற்பது பிள்ளைக்கு ஒன்பது போதும் என்று நான்தான் தலையாட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன். ஒன்பதில் மூன்றுதான் பறந்தது. மற்றது எல்லாம் உதிரி பாகத்துக்காகக் காத்துக்கொண்டு மூலையில் நின்றது. எத்தனை நிற்கிறது என்று பார்த்த நான், இன்றைக்கு எத்தனை பறந்தது என்று கேட்கவில்லை. சொல்லிக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேர், போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்றும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டருக்கு ஏர்லைன்ஸில் வேலை கிடைத்தால் மறுநாளே போய்விடுவாராம். இன்னொரு தப்பும் செய்தோம். ஆறே மாதத்தில் 30 லட்சத்தைக் கட்டிவிட்டோம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்களே!

2019 ஜனவரியில் சேர்ந்தாள். அங்கே குளிர் காலத்தில் மூடுபனி, காலை பத்து மணி வரை ஒன்றும் தெரியாது. மே மாதம் முதல் தடவையாகத் தனியாக ஓட்டினாள். 'சோலோ' என்கிறார்கள். இறங்கியதும் மற்ற பிள்ளைகள் தலையில் தண்ணீர் ஊற்றினார்களாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். பிறகு மழைக்காலம். பிறகு விமானம் ரிப்பேர். வாரத்துக்கு ஒரு மணி, சில வாரம் அதுவும் இல்லை. தினம் காலையில் ஐந்து மணிக்கு யூனிபார்ம் போட்டு உட்கார்ந்திருப்பாள், சாயங்காலம் அப்படியே ரூமுக்குத் திரும்புவாள். நாற்பது பேரில் பெண்கள் மூணு பேர். நான் அனுப்பிய பருப்புப் பொடிதான் மூன்று பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு.

நான் ஒரு வேலை செய்தேன். தினம் ராத்திரி அவள் போன் பண்ணும்போது, பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். தேதி, விமானத்தின் நம்பர், எத்தனை மணிக்கு ஏறினாள், எத்தனை மணிக்கு இறங்கினாள், கூட யார். பறக்காத நாளுக்கு ஒரு கோடு. பெரிய யோசனை எல்லாம் இல்லை. பால்காரர் வராத நாளுக்கு நான் கோடு போடுவேன், அந்தப் பழக்கம்.

இருநூறு மணி என்றால் சும்மா வட்டமடிப்பது இல்லை. அதில் நூறு மணி தானே பொறுப்பேற்று ஓட்டணும். 300 நாட்டிகல் மைல், அதாவது நம் கணக்கில் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு ஊர்களில் இறங்கி ஏறணும். இருட்டில் ஐந்து மணி நேரம். வெளியே பார்க்காமல் மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டுவது பத்து மணி. இத்தனையும் லைசென்ஸுக்கு எழுதிப் போடுகிற நாளுக்கு முந்தின ஐந்து வருஷத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் முதலில் பறந்தது கணக்கில் வராமல் கழிந்துவிடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளியை மூடிவிட்டார்கள். பாப்பா வீட்டுக்கு வந்தாள். பிரஸ்ஸும் மூடிக் கிடந்தது. பேங்க் வட்டி மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஏர்லைன்ஸ்களில் இருக்கிற பைலட்டுகளையே சம்பளம் இல்லாமல் அனுப்புகிறார்கள் என்று டி.வி.யில் சொல்வார்கள். இவர் ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவார்.

திரும்பப் போய் 2021 ஆகஸ்டில் ஒரு ராத்திரி போன். பாப்பா குரலே சரியில்லை. அவள் பறந்தது 137 மணி. பள்ளி ரிஜிஸ்டரில் 151 என்று இருக்கிறதாம். ஏறாத விமானத்தில் ஏறியதாகப் பதினான்கு மணி எழுதியிருக்கிறார்கள். கேட்டதற்கு அங்கே ஒருவர், "எல்லாம் உன் நல்லதுக்குத்தான். மீதி நாற்பத்தொன்பதையும் இப்படியே எழுதிக்கலாம். கொஞ்சம் செலவாகும், இரண்டு மாசத்தில் லைசென்ஸ்" என்றாராம். இதற்கு அவர்கள் பாஷையில் 'பார்க்கர் பேனா மணி' என்று பெயராம். பேனாவிலேயே பறப்பது. "இங்க நிறைய பேர் அப்படித்தான் முடிக்கிறாங்க மதினி. என்ன சொல்றீங்க?" என்றாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் "யோசிப்போம்" என்றார். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். இவர் கெட்டவர் இல்லை. மனை போயிற்று, வீடு பேங்கில் இருக்கிறது, வயசான அப்பா தினம் "எப்ப முடியும்" என்று கேட்கிறார். அந்த நேரத்தில் யாருக்கும் அந்த வார்த்தைதான் வரும். எனக்கும் ஒரு நிமிஷம் வாய் வரவில்லை. பிறகு கேட்டேன்.

"பாப்பா, அப்படி எழுதி வாங்கிட்டு நீ ஓட்டுற பிளேன்ல உங்க அண்ணனும் நானும் பிள்ளையைத் தூக்கிட்டு ஏறலாமா? நீ சொல்லு, ஏறுறோம்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "வேண்டாம் மதினி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

2011-ல் போலி மார்க் ஷீட் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பைலட்கள் சிலர் கைதானார்கள். அதை அப்புறம்தான் அவள் எனக்குச் சொன்னாள். போலீஸ் பயத்தில் நான் கேட்கவில்லை. ஏறுகிறவள் பயத்தில் கேட்டேன்.

அந்தப் பள்ளியை விட்டு வருவது என்று முடிவானது. ஆனால் வேறு பள்ளியில் மீதியை முடிக்க வேண்டுமென்றால், இதுவரை பறந்ததற்கு இவர்கள் சரியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். 137 என்று போட்டால் ரிஜிஸ்டர் பொய் என்று ஆகிவிடும், 151 என்றால்தான் போடுவோம் என்றார்கள். பணமும் 151-க்குக் கழித்துவிட்டார்கள். இவரும் நானும் இரண்டு நாள் ரயிலில் போனோம். எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. ஆபீஸ் வாசலில் முதல் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாள் நான் பால் கணக்கு நோட்டை மேஜையில் வைத்தேன். மேலே 'ஒன்றரை லிட்டர், ஒரு லிட்டர்' என்று இருக்கும், பின்னாலிருந்து திருப்பினால் விமான நம்பர். அவர்கள் சிரித்தார்கள். பாப்பா ஒவ்வொரு தேதியாக இங்கிலீஷில் வாசித்தாள். அந்தப் பதினான்கு மணியில் ஒன்பது மணி, மூலையில் ரிப்பேருக்கு நிற்கிற ஒரு விமானத்தின் பேரில் எழுதியிருந்தது. அந்தத் தேதிகளில் நான் கோடு போட்டு, 'வண்டி ரிப்பேர், ஓடலை' என்று எழுதியிருந்தேன். இன்ஜின் ஓடிய மணியைத் தனிப் புத்தகத்தில் எழுத வேண்டும், அது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டி.ஜி.சி.ஏ. கேட்கும் என்று பாப்பா சொன்னதும் சிரிப்பு நின்றது. சாயங்காலம் 137 என்று கையெழுத்து ஆனது. திருப்பித் தர வேண்டிய நாலு லட்சம் இன்றைக்கு வரை வரவில்லை.

மீதி 63 மணியை வேறு மாநிலத்தில் ஒரு சின்னப் பள்ளியில் முடித்தாள். ஐந்தே விமானம், ஐந்தும் பறந்தது. இந்தத் தடவை நான் போனில் கேட்டது இதுதான்: இன்றைக்கு எத்தனை பறந்தது, ஒரு விமானத்துக்கு எத்தனை பிள்ளைகள், கடைசியாக முடித்துப் போனவருக்கு நிஜமாக எத்தனை மாதம் ஆனது, இடையில் விட்டால் பணம் எப்படித் திரும்பும், அதை எழுதிக் கொடுப்பீர்களா. பத்து பத்து மணிக்காகப் பணம் கட்டினோம். என் நகை இருபத்து நாலு பவுனை அடகு வைத்தேன், ஆறு லட்சத்துச் சொச்சம் வந்தது. ஐந்து மாதத்தில் முடிந்தது. 2022-ல் லைசென்ஸ் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், தெருக்கோடி அக்கா அப்படித்தான் நினைத்தார். லைசென்ஸ் கையில் இருந்தாலும், பெரிய விமானத்தை ஓட்ட அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். 'டைப் ரேட்டிங்' என்பார்கள். சிமுலேட்டர் என்கிற பொம்மை அறையில் பயிற்சி. அதற்கு ஒரு 18 லட்சம். பாப்பா ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்தாள், பிரஸ்ஸில் கணக்கு எழுதினாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "பிளேன் எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிப்பார்கள். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தார்கள். ஆள் எடுப்பது சூடு பிடித்தது. அந்த வருஷம் ஒரு கம்பெனியில் பரீட்சை எழுதித் தேர்வானாள். சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டச் சொன்னபோது, உடன் வந்தவர்களில் சிலருக்கு மீட்டரைப் பார்த்து ஓட்டவே வரவில்லையாம். அவர்கள் எப்படி மணி சேர்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. டைப் ரேட்டிங்குக்கு மறுபடி கடன். 2024-ல் துணை விமானியாக ஓட்ட ஆரம்பித்தாள். மாமா அதுவரை இருந்து பார்த்தார்.

2025-ல் டி.ஜி.சி.ஏ. முதல்முறையாகப் பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டது. மேலே இருக்கிற இரண்டு வரிசையிலும் ஒரு பள்ளிகூட வரவில்லை. எங்கள் காலத்தில் இந்தப் பட்டியல்கூட இல்லை. தெருக்கோடி அக்காவை முதலில் அதைப் பார்க்கச் சொன்னேன், அதற்கும் முன்னால் பையனை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். ஹோட்டல்காரர்கள் கொடுத்த ஒரு வாரம் முடிந்துவிட்டது, அவர் பணம் கட்டவில்லை. பையனுக்கு என் மேல் வருத்தம்தான்.

என் நகையில் பாதியைப் பாப்பா மீட்டுக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு பவுன் இன்னும் பேங்கில் இருக்கிறது. கேப்டன் ஆவதற்கான பெரிய லைசென்ஸுக்கு 1,500 மணி வேண்டும். இப்போது 1,240 ஆகியிருக்கிறது. எந்த ஊரில் இறங்கினாலும் ராத்திரி எனக்குப் போன் பண்ணி விமான நம்பரும் மணியும் சொல்கிறாள். கம்பெனி கம்ப்யூட்டரில் எல்லாம் தானாகவே ஏறிவிடுகிறது, எதற்கு மதினி இன்னும் எழுதுறீங்க என்பாள். நாலாவது நோட்டு ஓடுகிறது. பறக்காத நாளுக்கு இப்போதும் கோடுதான்.

- ஒரு வாசகி, சிவகாசி.